வியாழக்கிழமை மட்டும் துணி வெட்டிய டெய்லரம்மா

எழுத்து கோணல்மாணலாக வந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், அம்பாசமுத்திரத்துக்குப் போடும் கடிதமும். ஞாபகமும் முன்போல இல்லை. அடுப்படிக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நின்று யோசிக்கிறேன். ஆனாலும் ஒருவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்தப் புனே நகரத்தில் கரண்டு போனால் சந்தோஷப்பட்ட ஒரே மனுஷி அவர்தான்.

எங்கள் பக்கம் கம்பியையும் கம்பத்தையும் பழுதுபார்க்க வியாழக்கிழமைதான் நாள். காலையில் பத்து மணிவாக்கில் கரண்டு போகும். எப்போது வரும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள், மிக்ஸியில் பாதி அரைத்த சட்னியோடு நிற்பவர்கள், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு விமான் நகர் ஆபீஸுக்கு ஓடுபவர்கள் எல்லாரும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் லோஹேகாவில் ஒரு சந்துக் கடைக்குள் ஒரு அம்மாள் எழுந்து, கையைக் கழுவித் துடைத்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, "வந்துருச்சு" என்பார். போனதைத்தான் அப்படிச் சொல்வார்.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மராத்திக்காரர்கள் குருவார்பாய் என்பார்கள். குருவார் என்றால் வியாழக்கிழமை, பாய் என்றால் அம்மாள். நான் டெய்லரம்மா என்பேன். தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்து கட்கி கண்டோன்மெண்டில் குடியேறிய கிறிஸ்தவக் குடும்பம். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். அதட்டுவதைப் பார்த்தால் மூத்தவர் என்று தோன்றும்.

மெல்லிசுத் துணி மட்டும்தான் தைப்பார். ஷிஃபான், ஜார்ஜெட், ஆர்கன்சா, வலைத்துணி. கொண்டுவந்த துணிக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ரேகை தெரிய வேண்டும். தெரியாவிட்டால், "இது துணி இல்ல, கோணி. எதிர்க்கடைக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார். ஒரு பெரிய ஆபீசரின் மனைவி கல்யாணப் பட்டுப்புடவையோடு கொண்டுவந்த ப்ளவுஸ் துணியும் அப்படித்தான் கோணியாகி எதிர்க்கடைக்குப் போனது.

அவர் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். பக்கத்துக் கடை மாவு மில். இங்கே அதைக் கிர்ணி என்பார்கள். கிர்ணி ஓடினால் டெய்லரம்மாவின் மேஜை நடுங்கும். மேஜை நடுவில் வைத்த குண்டூசி டப்பா தானாக நகர்ந்து நகர்ந்து மத்தியானத்துக்குள் விளிம்புக்கு வந்து எட்டிப்பார்க்கும். பருத்தித் துணியென்றால் அந்த ஆட்டத்திலும் வெட்டிவிடலாம். ஷிஃபான் அப்படியில்லை. பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டாலே இழை சாய்ந்துபோகும். சாய்ந்த இழையில் வெட்டினால் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. டெய்லரம்மா கடையைத் திறக்கும் முன்பே ஓட ஆரம்பித்து, அவர் பூட்டிவிட்டுப் போன பிறகும் ஓடுகிற கிர்ணி நிற்பது வியாழக்கிழமை கரண்டு போகும்போது மட்டும். அதனால்தான் டெய்லரம்மா வியாழக்கிழமையில் மட்டும் துணி வெட்டுவார். தைப்பது கால் மிஷினில், அதற்குக் கரண்டு தேவையில்லை.

வெட்டி முடிக்கும்வரை எதுவும் சாப்பிட மாட்டார். விரலில் எண்ணெய்ப்பசை ஒட்டினால் துணியில் வந்துவிடும். டீ குடிக்க மாட்டார், ஒரு சொட்டு விழுந்தால் போச்சு. செருப்பு போட மாட்டார், தூசி கிளம்பும். பேச மாட்டார், பேச்சும் காற்றுதானே. ஜன்னலைச் சாத்தி, கரண்டு திரும்பி வந்து ஃபேன் சுற்றிவிடாதபடி மெயின் ஸ்விட்சையும் அணைத்து, வெளிச்சத்துக்கு நாலு மெழுகுவத்தியை நாலு கண்ணாடி டம்ளருக்குள் ஏற்றிவைப்பார்.

இதை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துப்பாருங்கள். ஒரு அம்மாள் ஒவ்வொரு வியாழக்கிழமையும் சாப்பிடாமல், பேசாமல், செருப்பில்லாமல், விளக்கேற்றிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். போதாததற்கு புதன்கிழமை சாயங்காலம் கடைவாசலில் ஸ்டவ் வைத்து ஜவ்வரிசி வேறு காய்ச்சுவார். வழுக்குகிற துணியை அந்த ஜவ்வரிசித் தண்ணியில் நனைத்து நிழலில் காயப்போட்டால் கொஞ்சம் விறைப்பாகிச் சொன்னபடி கேட்கும். ஆனால் இந்த ஊரில் விரதம் என்றாலே ஜவ்வரிசிதான். ஆக, சந்து முழுவதும் முடிவு செய்துவிட்டது: குருவார்பாய் கடுமையான வியாழக்கிழமை விரதம் இருக்கிறார். கழுத்தில் சிலுவை தொங்கியும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வியாழக்கிழமை விரதம் இருக்க யாருக்கும் உரிமை உண்டு என்பது புனேக்காரர்களின் பெருந்தன்மை.

பின்சந்தில் ஒரு மராத்தி அம்மாள் இருந்தார். எல்லாரும் காக்கு என்று கூப்பிடுவார்கள். அவர் வியாழன் தவறாமல் ஒரு டப்பாவில் ஆறு பேடாவைக் கடைவாசலில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். ஒருநாள் கதவு இடுக்கில் தலையை நீட்டி, தன் மகளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். டெய்லரம்மா அப்போது கழுத்து வளைவை வெட்டிக்கொண்டிருந்தார். வாய் திறக்க முடியாது. கத்தரி பிடிக்காத கையைத் தூக்கி, "போ, போ" என்று இரண்டு தடவை ஆட்டினார். காக்கு அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி போனார். அடுத்த வாரமே மகளுக்கு விமான் நகரில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது. ஆறு பேடா பன்னிரண்டு ஆனது.

"உள்ளதைச் சொல்லிரலாம்லா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"சொன்னா உள்ள வந்து உக்காந்து பேச ஆரம்பிப்பாங்க, செல்லம்மாக்கா. நான் என்ன ஜூட் சொன்னேனா, பொய் சொன்னேனா? சாப்பிடல, பேசல, செருப்பு போடல. வேற என்ன வேணும் விரதத்துக்கு?"

 

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததே ஒரு கதை. வீட்டுக்காரர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மகன் வேலைக்குப் போய்விட்டான். மத்தியானங்கள் நீளமாக இருந்தன. ஒரு ஜார்ஜெட் புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன் ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இது யார் அடிச்சது?" என்றார்.

"நான்தான்."

"மிஷினா?"

"கை."

மறுபடி பார்த்தார். "நாளைக்கு வாங்க. இங்க நீங்க யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல."

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் போனேன். நான் முப்பது வருஷம் புனேயில் இருந்தும் காய்கறிக்காரரிடம் விரலைக் காட்டியே காலம் தள்ளியவள். ஓரம் சுருட்டித் தைப்பது, கொக்கி வைப்பது இரண்டும் என் வேலை. மிஷின் பக்கம் போனதில்லை.

வியாழக்கிழமை காலையில் முதலில் கைப் பரிசோதனை. ஒரு ஷிஃபான் துண்டை என் விரல்கள் மேல் மெல்ல இழுப்பார். எங்காவது சொரசொரப்பில் மாட்டினால், "ஹாத் பாருங்க, தேங்கா மட்டை" என்று சொல்லி அன்றைக்கு என்னைத் துணியைத் தொட விட மாட்டார். இரண்டு வாரம் தேங்காய் மட்டையான பிறகு சட்டம் போட்டார். புதன்கிழமை நான் பாத்திரம் தேய்க்கக் கூடாது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் இன்ஜின் கழுவிப் பழகின கை. குக்கரைப் பாகம் பாகமாகக் கழற்றி, துணி விரித்து வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். நாலு பாத்திரத்துக்கு இரண்டு மணி நேரம். வியாழக்கிழமை காலையில் குக்கர் விசில் வராது. கேஸ்கட் ஜன்னல் மேல் காய்ந்துகொண்டிருக்கும்.

டெய்லரம்மா ஆப்பிள் வாங்குவதையும் சொல்ல வேண்டும். வழுக்குகிற துணியை மிஷினில் வெறுமனே விட்டால் ஊசி இறங்கும் ஓட்டைக்குள் துணியை மிஷின் முழுங்கிவிடும். அதனால் துணிக்கு அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்து, பிறகு காகிதத்தைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். அந்தக் காகிதத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி, பெட்டி ஆப்பிளைச் சுற்றிவரும் வெள்ளைத் தாள். வண்டிக்காரரிடம் போய்ப் பழத்தைப் பார்க்க மாட்டார். தாளைத் தடவிப் பார்த்து, "இது நல்லா இருக்கு, இதுல ஒரு டஜன்" என்பார். வண்டிக்காரர், "தாயி, பழம் அழுகல்" என்று சொன்னாலும், "பரவால்ல, தாள் நல்லா இருக்கு" என்று வாங்கிக்கொண்டு வருவார். பழமெல்லாம் என் வீட்டுக்கு. அந்தக் காலத்தில் நாங்கள் தின்ற ஆப்பிளுக்கு எங்களுக்கு நோயே வந்திருக்கக் கூடாது.

இப்படி இருக்கும்போது என் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சிஞ்ச்வட்டில் இருக்கும் மராத்திப் பெண். பெயர் சாயலி. என் மகனோடு பேசிப் பேசி கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள். அவளிடம் இவன், "எங்கம்மா பெரிய டெய்லர், ஷிஃபானெல்லாம் அவங்க கையில் வெண்ணெய் மாதிரி" என்று அளந்திருக்கிறான். ரிசப்ஷன் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு எட்டு நாள் முன்னால், சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஒரு பையோடு வந்தாள். உள்ளே இரண்டரை மீட்டர் ஷிஃபான், வெங்காயச் சருகு நிறம்.

"அம்மா, எனக்கு ஒண்ணும் வேண்டாம். நகை வேண்டாம். நீங்க ப்ளவுஸ் தைக்கும். கை இப்படி, பெருசா, காத்துல போகும்" என்று கையை விரித்துக் காட்டினாள். "லக்ஷ்மி ரோட்ல இதுதான் லாஸ்ட் பீஸ்."

எனக்குத் தைக்கத் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அந்தப் பெண் எங்கள் வீட்டில் கேட்ட முதல் விஷயம் அது. தலையை ஆட்டிவிட்டேன்.  மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் யாரும் பெண்ணிடம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்ததில்லை.

மறுநாள் டெய்லரம்மாவிடம் கொண்டுபோனேன். அடியில் கையை வைத்துப் பார்த்தார். ரேகை மட்டுமா, மச்சம்கூடத் தெரிந்தது. "துணின்னா இது" என்றார். வியாழன் வெட்டுவது, கை அகலமாகக் குறுக்கிழையில் விழுவதால் இழுபட்டு நிலைக்க ஓர் இரவு தொங்கவிடுவது, வெள்ளி தைப்பது, சனி நான் ஓரம் சுருட்டுவது என்று கணக்கு. நடுவில் இருந்ததோ ஒரே ஒரு வியாழக்கிழமை.

அந்த வியாழன் காலை ஒன்பது மணிக்கே மேஜையில் அடித்துவைத்த பருத்தி விரிப்பின் மேல் துணியை விரித்து, இழை பார்த்து, மெல்லிய குண்டூசியால் தையலுக்கு வெளியே விழுகிற ஓரத்தில் மட்டும் குத்திவைத்தார். நடுவில் குத்தினால் ஓட்டை நிரந்தரம். கையைக் கழுவினார். மெழுகுவத்தி ஏற்றினார். பத்து ஆனது. கரண்டு போகவில்லை.

பத்தரை ஆனது, பதினொன்றும் ஆனது. கிர்ணி கடகடவென்று ஓடியது. எதிர்க்கடைக்காரர் போனைப் பார்த்துவிட்டு வந்து, இன்றைக்குக் கட் இல்லை என்று செய்தி வந்திருப்பதாகச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். டெய்லரம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கு ஒரு வாரம் ஜலதோஷம் பிடித்திருக்கும்.

"எங்க வீட்டுத் தரையில விரிச்சு வெட்டலாமா?" என்றேன்.

"மார்பிள். பாம்பு மாதிரி ஓடும். இப்ப இதை எடுத்தா இழை போச்சு. இதோ ஆடிக்கிட்டே இருக்கே, இன்னும் கொஞ்ச நேரத்துல தானாவே சாஞ்சிரும்." குரல் தாழ்ந்திருந்தது. "இன்னிக்கு வெட்டலன்னா இல்ல, செல்லம்மாக்கா."

"கிர்ணிக்காரர்கிட்ட ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டா?"

"நான் போக மாட்டேன்."

அது எனக்குத் தெரிந்த கதைதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கடை போட்ட முதல் வாரமே இவர் போய், "பந்த் கரோ, நிறுத்து, என் துணி ஆடுது" என்று அதட்டியிருக்கிறார். அவர், "என் மில் நின்னா நாலு சந்து பட்டினி. உங்க துணி நின்னா யார் பட்டினி?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. பக்கத்துச் சுவரில் மில் இருக்க, டெய்லரம்மா கோதுமையைத் தூக்கிக்கொண்டு விஷ்ராந்த்வாடிக்கு ஆட்டோவில் போய் அரைத்துக்கொண்டு வருவார்.

ஆக, நான்தான் போக வேண்டும்.

வெறுங்கையோடு போனால் என்னவென்று கேட்பார்களே என்று பயந்து, வீட்டுக்கு ஓடி ஒரு டின்னில் இரண்டு கிலோ கோதுமை எடுத்துப்போனேன். வரிசையில் ஏழெட்டுப் பேர். என் முறை வந்தது. கிர்ணிக்காரர் புருவம் வரைக்கும் மாவாக நின்றார்.

"பாரீக்?" என்றார். மெல்லிசாக அரைக்கவா என்று அர்த்தம்.

தலையை ஆட்டினேன். அரைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

டெய்லரம்மா டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மாவு நல்லா வந்திருக்கா?" என்றார்.

மறுபடி வீட்டுக்கு ஓடினேன். இந்த முறை அரிசி. வழியெல்லாம் சொல்ல வேண்டிய மராத்தி வாக்கியத்தை உருப்போட்டேன். கிர்ணிக்காரர் அரிசியைப் பார்த்ததும், "டோசா?" என்று சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்கு வாக்கியம் மறந்துபோனது. இரண்டு கிலோ தோசை மாவோடு வந்து நின்றேன்.

"அடுத்து மிளகாப்பொடியா, செல்லம்மாக்கா? வீட்டுல இன்னிக்குப் பெரிய விருந்து போல."

அவர் கேலி செய்தாலும் கண் துணி மேலேயே இருந்தது. ஓரத்தில் ஒரு குண்டூசி சாய ஆரம்பித்திருந்தது. அந்த வெங்காயச் சருகு நிறம் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. கையை விரித்து, "காத்துல போகும்" என்று காட்டிய பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. மாவைக் கீழே வைத்துவிட்டு வெறும் டின்னை எடுத்துக்கொண்டு போனேன்.

கிர்ணிக்காரர் டின்னுக்குள் எட்டிப்பார்த்தார். "ரிகாமா?" காலியா என்று கேட்கிறார்.

"பாவு, ஏக் தாஸ் பந்த் கரா" என்றேன். அண்ணா, ஒரு மணி நேரம் நிறுத்துங்கள்.

மில் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. "காய்?" என்றார். என்ன என்று கேட்கிறார். மறுபடி சொன்னேன். காதில் கையை வைத்து, "காய்?" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் பிள்ளையைக்கூட உரக்கக் கூப்பிட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, என்னிடம் இருந்த குரல் முழுவதையும் எடுத்துக் கத்தினேன்.

நான் சொல்வது கேட்கவில்லையே என்று சரியாக அதே நொடியில் அவர் மில்லை நிறுத்தினார்.

"பந்த் கரா, மாஜ்யா சுனேச்சா ப்ளவுஸ்" என்று என் மருமகள் ப்ளவுஸுக்காக நான் போட்ட கூச்சல், நிசப்தமான சந்தில் கடைசி வீடு வரை போய்த் திரும்பியது. மாடியில் துணி காயப்போட்டவர் எட்டிப்பார்த்தார். ஒரு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"ஜாலா பந்த்" என்றார் கிர்ணிக்காரர் மெதுவாக. நின்றுவிட்டது.

தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் மராத்தியில் சொன்னதை எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன். "இன்னைக்குக் குருவார்பாய் பூஜை உண்டா? லைட் போகலையே, அதனால பூஜை இல்லைன்னு நினைச்சேன். மத்த குருவாரெல்லாம் லைட் பத்தரைக்கே திரும்பி வந்தாலும் நான் மில் போடுறதில்ல தாயி. அந்தம்மா மிஷின் மிதிக்கிற சத்தம் சுவர் வழியா கேட்டா பூஜை முடிஞ்சுதுன்னு அர்த்தம். அப்புறம்தான் போடுவேன். வரிசையில நிக்கிறவங்களுக்கும் தெரியும்." நின்றவர்கள் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.

திரும்பி வந்து டெய்லரம்மாவிடம் சொன்னேன். கத்தரியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

"எத்தனை வருஷமா?"

"ஆரம்பத்துலேருந்தே நிறுத்துதாராம்."

சுவரைப் பார்த்தார். பிறகு குனிந்து, சாய்ந்த குண்டூசியை நிமிர்த்தி, இழையைச் சரிபார்த்து, வெட்ட ஆரம்பித்தார். கத்தரி வாயை முழுவதும் மூடாமல் நீளமாக ஓட்டினார். முழுக்க மூடினால் முனை கடித்த இடத்தில் பல் விழும். முக்கால் மணி நேரம் கத்தரி மட்டும்தான் பேசியது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அந்தச் சந்து அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

வெட்டி முடித்து, இரண்டு கைகளையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். வழக்கம்போல் புது ஊசி மாட்டி, மிச்சத் துண்டில் தைத்துப் பார்க்க மிஷினில் உட்கார்ந்தார். காலை வைத்தவர் மிதிக்காமல் என்னைப் பார்த்தார். பிறகு மிதித்தார். நாலு தையல் ஓடியிருக்காது, சுவருக்கு அந்தப் பக்கம் கிர்ணி கடகடவென்று கிளம்பியது.

டெய்லரம்மா சிரித்தார். அவர் வியாழக்கிழமை சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

காக்கு வைத்துவிட்டுப் போன டப்பாவைத் திறந்து ஒரு பேடாவை வாயில் போட்டுக்கொண்டு, மீதியை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தார். கிர்ணிக்காரரிடம் நான் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்றேன். "வேணாம். நீங்க போனா இன்னும் ரெண்டு கிலோ அரைச்சுட்டு வருவீங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கால் மணி நேரம் கழித்துத் தலையெல்லாம் மாவோடு வந்தார். "விரதம் இல்லைன்னு சொல்லிட்டியளா?" என்றேன்.

"எதுக்கு? எனக்காக ஒரு ஆள் பன்னெண்டு வருஷம் வியாபாரத்தை நிறுத்திட்டு உக்காந்திருக்காரு. அது விரதம்தானே. எங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது இருந்தோமே."

வெள்ளிக்கிழமை தைத்தார். ஆப்பிள் தாளில் தையலை ஆரம்பித்துத் துணிக்குள் ஓட்டினார், நூல் முனை இரண்டையும் பின்னால் பிடித்துக்கொண்டு. முடிவில் முன்னும் பின்னும் தைக்காமல் நூலை விட்டு முடிச்சுப் போடச் சொன்னார். பக்கத் தையலை முதலில் வெளிப்பக்கம் தைத்து, ஓரத்தை ஒட்ட நறுக்கி, திருப்பி மறுபடி தைத்துப் பிசிறெல்லாம் உள்ளே அடைத்தார். கண்ணாடி மாதிரித் துணியில் உள்ளே இருப்பதும் வெளியே தெரியும், அதனால் உள்ளேயும் வெளியே மாதிரி இருக்க வேண்டும் என்பார். சனிக்கிழமை முழுவதும் நான் இரண்டு கையின் ஓரத்தையும் விரலில் உருட்டி உருட்டித் தைத்தேன்.

ஞாயிறு காலையில் சாயலி போட்டுப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். அவள் சொன்னபடியே காற்றில் போனது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தைத்தது நான் இல்லை, ஓரம் மட்டும்தான் நான் என்றேன். கிர்ணியில் நடந்ததையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"நீங்களா? கத்தினீங்களா? ரோட்டுல?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, ப்ளவுஸ் கடையில தைக்கும். எனக்காக யாரும் கத்தலை."

இதெல்லாம் நடந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். டெய்லரம்மாவுக்கு முழங்கால் வலி வந்து மிஷின் மிதிக்க முடியாமல் போனது. தங்கை மகள் வந்து வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் நம்பர் இருந்த என் போன் தண்ணீரில் விழுந்தது. இருந்திருந்தாலும் நான் எங்கே கூப்பிட்டுப் பேசியிருக்கப் போகிறேன்.

இப்போது அந்தக் கடையில் செல்போன் கவர் விற்கிறார்கள். வியாழக்கிழமை லைட் திரும்பி வந்ததும் கிர்ணிக்காரர் பழக்கத்தில் சுவரைப் பார்க்கிறார். அந்தப் பக்கம் மிஷின் சத்தம் இல்லை. நான் போனால், "கதி சுரு கரூ?" என்று கேட்கிறார். எப்போது ஆரம்பிக்கட்டும் என்று. பன்னிரண்டு மணி என்று நானாக ஒரு நேரம் சொல்லியிருக்கிறேன்.

எழுதியதில் தப்பு இருக்கலாம். ஷிஃபானுக்கு ஒன்பதாம் நம்பர் ஊசியா, பதினொன்றா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. ஒரு கைப்பிடி ஜவ்வரிசிக்கு எத்தனை செம்பு தண்ணீர் என்பதும் மறந்துவிட்டது. வேலூர்ப் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் யாராவது, துணியைப் பார்த்ததும் அடியில் கையை வைத்துப் பார்க்கிற ஒரு அம்மாளைக் கண்டால், தயவுசெய்து இதை வாசித்துக்காட்டி, விவரமெல்லாம் சரிதானா என்று கேட்டுச் சொல்லுங்கள். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. உங்கள் ஊரில் கரண்டு போகும் நாள் எது என்று எனக்குத் தெரியாது. அந்த நாளில் மட்டும் போகாதீர்கள், பேச மாட்டார். மற்ற நாளில் போனால், செல்லம்மாக்கா இன்னும் புதன்கிழமை பாத்திரம் தேய்ப்பதில்லை என்று சொல்லிவிடுங்கள்.